ஏமாந்தவர்களின் வியாழக்கிழமை

படிவத்தின் முதல் ஆறு கட்டங்களை மெர்வ் பாஸ்கோ மளமளவென்று நிரப்பிவிட்டார். பெயர், முகவரி, பிறந்த தேதி, பார்த்த வேலை, கருத்தரங்கு நடந்த இடம், நடந்த நாள். ஏழாவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

‘நீங்கள் செலுத்திய தொகை.’

அவர் ஒரு டாலர்கூடச் செலுத்தியிருக்கவில்லை.

பவுல்ஸ் கிளப்பின் பின்னறையில் அந்த நீள மேசையைச் சுற்றி அவரையும் சேர்த்து ஐந்து பேர். எல்லோரும் குனிந்திருந்தார்கள். மெர்வ் பேனாவை உதறினார். மை வராதது போல நெற்றியைச் சுருக்கினார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பேர் புல்வெளியில் பந்து உருட்டுவதைப் பார்த்தார். அந்த விளையாட்டில் பார்ப்பதற்கு எதுவும் நடப்பதில்லை. ஆனாலும் பார்த்தார்.

"ஏழாவதை இப்ப எழுத வேண்டாம்" என்றாள் கோரல், தலையை நிமிர்த்தாமலே. "வீட்டுல போய் எழுதிக்கலாம். நம்ம சட்டம் ஞாபகம் இருக்கில்ல? இந்த ரூம்ல யாரும் யாரோட தொகையையும் பார்க்கறதில்ல."

"அதுதான் நல்லது" என்றார்கள் மற்றவர்கள்.

கோரலின் நாகரிகத்தை நினைத்து மெர்வுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. படிவத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

மெர்வுக்கு அறுபத்தேழு வயது. பிரிஸ்பேனுக்கு வடக்கே, மேரிபரோவைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் குட்டி ரயிலை முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். இன்ஜினில் ஒற்றை ஆள். அதனால் தனிமை தனக்குப் பழகிப்போனது என்றுதான் ஓய்வு பெறும்போது நினைத்தார். ஆனால் ரயிலில் தனியாக இருப்பவனுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. வீட்டில் தனியாக இருப்பவனுக்கு அது இல்லை. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம்தான் ஆயிற்று.

மனைவி நோலீன் பதினான்கு வருடத்துக்கு முன்பு, படகு விற்கும் ஒருவரோடு கெய்ன்ஸுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வாழ்த்து அட்டை வரும். அதில் படகுக்காரரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மெர்வ் ஒருநாள் பால் வாங்குவார், மறுநாள் ரொட்டி, அதற்கும் மறுநாள் முட்டை. மொத்தமாக வாங்கிவிட்டால் அடுத்த நாள் வெளியே போக ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் கடையிலும் இப்போது கல்லாவில் இருந்த பெண்களை எடுத்துவிட்டு இயந்திரங்களை வைத்துவிட்டார்கள். காசைப் போட்டதும் இயந்திரம் "வருகைக்கு நன்றி" என்று சொல்லும். "பரவாயில்லைம்மா" என்பார் மெர்வ்.

ஏப்ரல் மாதம் தபால்பெட்டியில் ஒரு துண்டு விளம்பரம் கிடந்தது. வீட்டிலிருந்தே இணையக்கடை. வாரத்துக்கு நாலு மணி நேர வேலை. லட்சங்களில் வருமானம். மெர்வ் இதையெல்லாம் படித்துவிட்டுத் தூக்கிப் போடத்தான் போனார். கடைசி வரி தடுத்துவிட்டது: இலவச மதிய உணவு, அனைவரும் வருக.

நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றின் கூட்ட அறை. நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் டீன் என்ற இளைஞன். வெள்ளைப் பல்வரிசை, காதோரம் மைக். அவன் மேடையிலிருந்து இறங்கி வந்து, மெர்வின் சட்டையில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தான். அவர் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"மெர்வ்! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்!"

மெர்வை யாராவது எதிர்பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. அந்தக் கணம் அவன் வீட்டையே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பார். ஆனால் அவன் கேட்டது சாப்பாட்டுக்குப் பிறகு. கேட்ட தொகை மூவாயிரத்து எண்ணூறு டாலர்.

"பர்ஸை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் மெர்வ். பர்ஸ் பின்பாக்கெட்டில்தான் இருந்தது. அதில் பன்னிரண்டு டாலரும் நூலக அட்டையும் இருந்தன.

டீனின் இரண்டு கைகளும் விலகின. அடுத்த நாற்காலிக்காரரின் கையைப் பற்றின. மெர்வ், சாப்பாட்டில் மிஞ்சிய இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல்கள் இரண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த நிறுவனத்தின் மேல் நுகர்வோர் அலுவலகம் விசாரணை நடத்துவதாக மே மாதம் செய்தித்தாளில் வந்தது. விற்ற இணையக்கடைகளில் பாதி திறக்கவே இல்லையாம். மீதிப் பாதியில் யாரும் எதுவும் வாங்கவில்லையாம். அதே வாரம் பவுல்ஸ் கிளப் அறிவிப்புப் பலகையில், இறைச்சியைப் பரிசாகத் தரும் வெள்ளிக்கிழமைக் குலுக்கலில் ஜெயித்தவர்களின் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைத் தாள் ஒட்டியிருந்தது.

‘கருத்தரங்கில் ஏமாந்தவர்கள் வியாழன் காலை பத்து மணிக்குப் பின்னறையில் கூடவும். சேர்ந்து போராடுவோம். வெட்கப்பட வேண்டாம். தேநீர் உண்டு. கோரல் விட்டேக்கர்.’

மெர்வ் அதை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை, ‘தேநீர் உண்டு’ என்பதை மட்டும்.

அவர் கதவைத் திறந்தபோது உள்ளே நாலு பேர் இருந்தார்கள். மேசை மேல் ஐந்து கோப்பைகள் இருந்தன.

"வாப்பா, வா. நீயுமா?" என்றாள் கோரல். பள்ளிக்கூட உணவகத்தை இருபத்தாறு வருடம் நடத்தியவள். எழுபத்திரண்டு வயதிலும், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் வரிசையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பையனிடம் பேசுவது போலத்தான் பேசுவாள்.

இல்லை, சும்மா எட்டிப்பார்த்தேன் என்று சொல்லத்தான் மெர்வ் வாயைத் திறந்தார். காலியாக இருந்த ஐந்தாவது கோப்பை கண்ணில் பட்டது.

"நானும்தான்" என்றார்.

"எவ்வளவு போச்சுன்னு இங்க யாரும் கேட்க மாட்டோம். பால் ஊத்தவா?"

எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

பத்தே வியாழக்கிழமைகளில் மெர்வின் வாரம் தலைகீழாக மாறிவிட்டது. புதன்கிழமை முழுவதும் பூசணி ஸ்கோன் என்ற குட்டி ரொட்டிகளைச் சுடுவதில் போகும். முதல் தடவை சுட்டவற்றைப் புல்வெளியில் உருட்டி விளையாடலாம் என்றார் எர்னி வோட். எர்னி கசாப்புக் கடையை மூடிவிட்டு வந்தவர். டீனைப் போலப் பேசிக் காட்டுவதில் மன்னன். இரண்டு கையாலும் தேநீர்ப் பாத்திரத்தைப் பற்றிக்கொண்டு, "உன்னைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்!" என்பார். டல்சி ஃபார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் கணவனை இழந்தவள். சார்ஜென்ட் என்று பெயர் வைத்த ஒரு கிழட்டு நாயோடு வருவாள். மேசைக்கடியில் அதன் குறட்டை கேட்டுக்கொண்டே இருக்கும்.

நாலாவது ஆள் வில்ஃப் டோகா. கரும்பு வெட்டத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவரின் கொள்ளுப்பேரன். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வரும்போதெல்லாம் பை நிறைய மாண்டரின் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார்.

"கரும்பு ரயில் ஓட்டினவனாய்யா நீ?" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டார். "உன் ரயில் கடக்கிறதுக்குள்ள என் பஸ் இருபது நிமிஷம் கேட்டுல நிக்கும். முப்பது வருஷமா மூஞ்சி தெரியாமயே உன்னைத் திட்டியிருக்கேன்."

"நான் கை ஆட்டுவேனேய்யா!"

"அதைப் பார்த்துத்தான் திட்டினேன்."

இப்படிப்பட்ட இடத்தில்தான், ஜூலை மாதக் குளிரில், நுகர்வோர் அலுவலகத்தின் அந்தப் படிவம் வந்து சேர்ந்தது.

"ரசீதோட நகலை இணைக்கணுமாம்" என்று கோரல் கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

சார்ஜென்ட்டின் குறட்டை மட்டும் கேட்டது. எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று மெர்வுக்குப் பட்டது.

"என்னுது வெள்ளத்துல போயிடுச்சு" என்றார்.

"ஐயோ பாவமே" என்றாள் டல்சி. "என்னுதை இவன் கடிச்சுக் குதறிட்டான்."

"என் பேப்பரெல்லாம் டார்வின்ல மகன்கிட்ட இருக்கு" என்றார் வில்ஃப். "கேக்கலாம்தான். அவன் போனை எடுத்தா."

எர்னி தான் ரசீதே வாங்கவில்லை என்றார். ஆளை நம்பிவிட்டாராம். கோரல் வீட்டில் எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறாளாம். அந்தப் பத்திரமான இடம்தான் எதுவென்று தெரியவில்லையாம்.

என்ன மனிதர்கள் இவர்கள் என்று மெர்வ் வாஞ்சையோடு நினைத்தார். இவ்வளவு அசட்டையாக இருந்தால் யார்தான் ஏமாற்ற மாட்டார்கள்? இவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

வீடு திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்தின் நடுவில் அவருக்கு உறைத்தது. வெள்ளம் வந்தது பிப்ரவரியில். கருத்தரங்கு நடந்தது ஏப்ரலில். கொடுக்கப்படாத ரசீதை இரண்டு மாதம் முன்கூட்டியே ஆற்று வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போயிருக்கிறது. பாலத்தின் தூணில் வெள்ளக்குறி இன்னும் அழியாமல் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் மறக்காத தேதி அது. அந்த அறையில் ஒருவரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. எவ்வளவு பெருந்தன்மை! அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வியாழன் கோரலே ஒரு வழி சொன்னாள். "ரசீது இல்லன்னா என்ன? நடந்ததைக் கடிதமா எழுதி அனுப்புவோம். மெர்வ், உன் கையெழுத்துதான் பார்க்கற மாதிரி இருக்கு. நீ எழுது."

"எனக்கென்ன தெரியும்? நான் கரும்பு வண்டிக் கணக்கு எழுதினவன்."

"அதான் சொல்றேன். நேர்கோட்டுல எழுதுவே."

ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டால் படிவத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்று மெர்வ் கணக்குப் போட்டார். மறுநாள் காலையில் சமையலறை மேசை முன் உட்கார்ந்தார். பணத்தைப் பற்றி எழுத அவரிடம் எதுவும் இல்லை. அதனால் தெரிந்ததை எழுதினார்.

‘அவர் என் பெயரைச் சொன்னார். என்னை எதிர்பார்த்ததாகச் சொன்னார். நாள் முழுவதும் ஃப்ரிட்ஜின் சத்தம் மட்டும் கேட்கிற வீட்டில் இருப்பவருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தோன்றும். பிறகு அவர் கையை எடுத்துக்கொண்டார். அவர்கள் எங்களிடமிருந்து எடுத்தது பணம் மட்டும் இல்லை.’

இப்படியே ஒன்றரைப் பக்கம். வியாழக்கிழமை படித்துக் காட்டினார். எர்னி, காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். அவர் நடந்துதான் வந்திருந்தார்.

"ஒரு எழுத்துகூட மாத்தாதே" என்றாள் கோரல்.

மூன்று வாரத்தில் பிரிஸ்பேனிலிருந்து பதில் வந்துவிட்டது. கடிதத்தை அலுவலகம் முழுக்கப் படித்தார்களாம். வேறு ஊர்களில் வாய் திறக்காமல் இருந்தவர்களிடம் காட்டியதும் பலர் முன்வந்திருக்கிறார்களாம். நிறுவனம் தன் வாடிக்கையாளர் பட்டியலை இன்னும் தரவில்லை. ஆகவே மேரிபரோ குழுவின் வாக்குமூலங்கள் மிகவும் முக்கியம். செப்டம்பரில் விசாரணை அதிகாரி லின் டிரான் நேரில் வந்து, திங்கள் முதல் வெள்ளி வரை, நாளைக்கு ஒருவராக ஐந்து பேரையும் நூலகத்தில் சந்திப்பார். ஒவ்வொருவரும் படிவத்தை நிரப்பி, அது உண்மை என்ற உறுதிமொழியில் சாட்சிக் கையெழுத்தும் பெற்று வரவும். சாட்சியத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டாம்.

"ஜெயிச்சுட்டோம்டா!" என்று எர்னி மேசையைத் தட்டினார். அப்புறம் அவரே கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

அன்று எல்லோரும் போன பிறகு மெர்வ் கோப்பைகளைக் கழுவ உதவுவது போல நின்றார்.

"கோரல், நான் விலகிக்கறேன். எனக்கு இந்தப் பணம் பெருசில்ல. நீங்க நாலு பேரும் வாங்கிக்குங்க."

கோரல் துணியைக் கீழே வைத்தாள். "கடிதம் உன்னுது. நீ வரலைன்னா எங்க நாலு பேரோட நிலைமை என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தியா?"

அவள் முகம் வெளுத்திருந்தது. பாவம், பெரிய தொகையாக இருக்க வேண்டும் என்று மெர்வ் நினைத்தார்.

விலகவும் முடியாது, பொய்ச் சத்தியமும் செய்ய முடியாது. ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. கார் மாற்றுவதற்காக மெர்வ் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தார். பழைய விளம்பரத் தாளைத் தேடி எடுத்து, அதில் இருந்த எண்ணுக்கு போன் செய்தார். ஒரு பையன் எடுத்தான்.

"தம்பி, நான் உங்க திட்டத்துல சேரணும்."

"சாரி சார், இப்ப ஆள் சேர்க்கறதில்ல. எங்க மேல விசாரணை நடக்குது."

"தெரியும்பா. புகார் கொடுத்ததே நான்தான்."

"புகார் கொடுத்த நீங்க... சேரணுமா?"

"ஆமா. மூவாயிரத்து எண்ணூறு. முழுசாத் தந்துடறேன். கடையெல்லாம் வேண்டாம். ரசீது மட்டும் போதும். என்ன, அதுல ஏப்ரல் மாசத் தேதி போட்டுக் கொடுக்கணும்."

"சார், அது மோசடி."

"நீ சொல்றியா இதை?"

"எங்களுக்கும் ஒரு கௌரவம் இருக்கு சார்" என்றான் பையன். போனை வைத்துவிட்டான்.

மெர்வ் ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். வியாழக்கிழமைக்கு மூவாயிரத்து எண்ணூறு டாலர் அதிக விலை என்று அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. பணத்தை வாங்கத்தான் ஆள் இல்லை.

விசாரணை வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை வணிக வளாகத்துக்குப் போனார். அங்கே ரொட்டிக் கடைக்கும் போன் கடைக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை போட்டு, அரசு நியமித்த, சம்பளம் இல்லாத சாட்சிக் கையெழுத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்று இருந்தவருக்கு எண்பது வயதிருக்கும். முத்திரையை ஊதி ஊதித் தயாராக வைத்திருந்தார். மெர்வ் படிவத்தை நீட்டினார்.

"இதுல இருக்கறதெல்லாம் உண்மைதானே?"

"பெரும்பாலும்" என்றார் மெர்வ்.

"பெரும்பாலும்னு ஒரு முத்திரை என்கிட்ட இல்லையே." பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏழாவது கட்டம் காலியா இருக்கு."

"அது யோசிச்சுட்டு இருக்கேன்."

"கட்டின பணத்தையா? பொதுவா எங்கிட்ட வர்றவங்க அதை மட்டும் மறக்க மாட்டாங்க."

மெர்வ் பேனாவை எடுத்தார். மூன்று, எட்டு, இரண்டு சைபர். நாலே இலக்கம்தான். கை நகரவில்லை. முப்பத்தொரு வருடக் கரும்புக் கணக்கில் ஒரு வண்டியைக்கூட அவர் கூட்டி எழுதியதில்லை.

"கண்ணாடியை வீட்டுல வச்சுட்டேன்" என்றார்.

"மூக்கு மேல இருக்கறது?"

"இது பழசு" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில், வாங்க ஒன்றும் இல்லாமலே கடைக்குள் நுழைந்து ஒரு பூசணிக்காய் எடுத்தார். இயந்திரம் நன்றி சொன்னது. மெர்வ் பதில் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தார்.

விசாரணை வாரத்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். ஆனால் எதுவும் வழக்கம்போல இல்லை. கோரல், எர்னி, டல்சி மூவரும் சாட்சியம் சொல்லி முடித்திருந்தார்கள். வில்ஃபுக்கு அன்று பிற்பகல். பேசக் கூடாது என்பது உத்தரவு, யாரும் பேசவில்லை. எர்னி டீனைப் போலப் பேசிக் காட்டவில்லை. டல்சி, வருடப் பிறப்புக்கு மட்டும் செய்யும் உலர்பழக் கேக்கைச் செய்து கொண்டுவந்திருந்தாள். ஆளாளுக்குப் பெரிய பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். வில்ஃப் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். சுளை வந்த பிறகும் உரித்தார்.

சாட்சிக்கூண்டு பயம் என்று மெர்வ் நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்கள். பணத்தை இழந்ததோடு இந்த அவஸ்தையும்.

தனக்கு இதுதான் கடைசி வியாழன். நாளைக்கு உண்மை வெளியே வந்துவிடும். இழந்தவர்கள் நடுவே இழக்காதவன் மூன்றரை மாதமாக உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறான் என்று இவர்களுக்குத் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு இந்தக் கதவைத் திறப்பது? அவர் ஒவ்வொருவராகப் பார்த்துவைத்துக்கொண்டார். எர்னியின் கைத்தழும்பு. டல்சி கோப்பையைத் திருப்பித் திருப்பி வைக்கும் பழக்கம். மேசைக்கடியில் தன் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கும் சார்ஜென்ட்டின் எடை.

மிஞ்சிய ஸ்கோன் ஒன்றைக் கோரல் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். "ஞாபகமா இருக்கட்டும்."

"ஸ்கோனை எத்தனை நாள் ஞாபகமா வச்சுப்பீங்க?" என்றார் மெர்வ்.

"நீ சுட்டதுதானே. அது கெடாது" என்றார் எர்னி. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று முடிந்துவிட்டது.

வாசலில் கோரல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிடுப்பா. மனசு லேசாயிடும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமல் விளக்கை அணைக்கத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை மெர்வ் டை கட்டிக்கொண்டார். கடைசியாக அதைக் கட்டியது ஆலையின் வழியனுப்பு விழாவுக்கு. ஒரு டப்பாவில் ஆறு ஸ்கோன் வைத்து எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு போய் ஒருவருடைய நேரத்தை வீணாக்குவது முறையில்லை என்று பட்டது.

நூலகத்தின் சின்ன அறையில் லின் டிரான் காத்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வாரக் கடைசியின் களைப்பு கண்ணில் தெரிந்தது. மேசையில் கோப்புகளுக்கு நடுவே கொஞ்சம் மாண்டரின் பழங்களும், காகிதத்தில் சுற்றிய ஒரு கேக் துண்டும், ஒரு நீளமான சாசேஜ் பொட்டலமும் இருந்தன. மெர்வ் தன் டப்பாவை அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

"உட்காருங்க, மிஸ்டர் பாஸ்கோ. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்" என்றாள்.

மெர்வ் அந்த வாக்கியத்தைக் கேட்டு ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு உட்காராமலே சொன்னார்.

"நான் பணம் கட்டல."

அவள் பேனா மூடியைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"ஒரு டாலர்கூடக் கட்டல. நான் சாசேஜ் ரோல் சாப்பிடப் போனவன். ரசீது வெள்ளத்துல போகல, ரசீதே கிடையாது. கடிதத்துல எழுதினது பொய் இல்லம்மா, அந்த ஃப்ரிட்ஜ் சத்தமெல்லாம் நிஜம். பணம்தான் பொய். என் பேரை எடுத்துடுங்க. கேஸ் போட்டாலும் சரி."

அவள் படிவத்தை வாங்கி ஏழாவது கட்டத்தைப் பார்த்தாள். "கேஸெல்லாம் இல்ல. நீங்க தொகையே எழுதலையே" என்றாள். படிவத்தை மேசையில் வைத்தாள். "எதுக்காக மிஸ்டர் பாஸ்கோ, இவ்வளவு நாள்?"

மெர்வ் இப்போது உட்கார்ந்தார். டையை இழுத்துத் தளர்த்தினார்.

"தேநீர் இருந்தது" என்றார். அது போதாது என்று அவருக்கே தோன்றியது. "அஞ்சாவது கோப்பை காலியா இருந்தது. அதான்."

அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு உதவி. மத்த நாலு பேரும் நிஜமாவே நொந்துபோனவங்க. அவங்க பணம் அவங்களுக்குக் கிடைக்கணும். என்னால அது கெடக் கூடாது. அப்புறம்..." குரல் இறங்கியது. "அவங்ககிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா நான் வியாழக்கிழமை அங்க போக முடியாது."

லின் டிரான் பேனாவை மூடினாள். ஸ்கோன் டப்பாவைப் பார்த்தாள், சாசேஜ் பொட்டலத்தைப் பார்த்தாள், மாண்டரின் பழங்களைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"இதை நான் சொல்லக் கூடாது, மிஸ்டர் பாஸ்கோ. ஆனா திங்கக்கிழமையிலருந்து இதே நாற்காலியில உட்கார்ந்து, பணமே கட்டலைன்னு ஒத்துக்கிட்டு, மத்த நாலு பேருக்குத் தெரிய வேண்டாம், வியாழக்கிழமை போயிடும்னு கெஞ்சற அஞ்சாவது ஆள் நீங்க."